மரத்தடி க்ளாஸ்: ஏழு டிகிரி தலைவரும் டிகிரியே இல்லாத தலைவரும்

இன்னிக்கு மத்தியானம் கேன்டீன்ல உட்காரும்போது, "நம்ம நாடு ஏன் இன்னும் முன்னேறலை?"னு சும்மா ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டுப் பாருங்க. டீ ஆறுறதுக்குள்ள யாராவது ஒருத்தர் சொல்லிடுவார்: "எட்டாங்கிளாஸ் தாண்டாதவங்க எல்லாம் மந்திரி ஆனா இப்படித்தான் மச்சி. படிச்சவங்க கையில கொடுத்துப் பாரு, அஞ்சே வருஷத்துல சிங்கப்பூர்தான்!" மொத்த டேபிளும் தலையாட்டும். அதோட அடுத்த பிரச்னைக்குப் போயிடுவோம். அதாவது, பில் யார் கொடுக்கறது?

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கு. தாலுகா ஆபீஸில் கிளார்க் ஆகணும்னா பத்தாவது பாஸ் பண்ணி, லட்சக்கணக்கான பேரோட போட்டி போட்டு குரூப் 4 எழுதணும். ஆனால் எம்.பி. ஆக நம்ம அரசியல் சட்டம் கேட்பது குடியுரிமை, 25 வயசு மாதிரி சில விஷயங்களைத்தான். படிப்புன்னு ஒரு வார்த்தை கிடையாது. பல லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட் போடுற இடத்துக்கு ஒரு மார்க் ஷீட்கூட வேண்டாமா என்று கேட்டால், கேட்கிறவரைக் குறை சொல்ல முடியாது.

அதனால இந்த வாரம் அந்தக் கேன்டீன் தீர்ப்பையே எடுத்துக்கலாம். நாட்டை ஆள்கிறவர் எவ்வளவு படித்திருக்கிறார் என்பதற்கும், அந்த நாட்டின் பொருளாதாரம் எவ்வளவு வளர்கிறது என்பதற்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கிறதா? நோட்ஸ் எடுக்க வேண்டாம். ஒரு குட்டி க்விஸ்ஸோட ஆரம்பிப்போம்.

ஒரே காலேஜ், ரெண்டு சீனியர்ஸ்

தென்னாப்பிரிக்காவில் ஃபோர்ட் ஹேர் என்று ஒரு பல்கலைக்கழகம். கறுப்பின மாணவர்களுக்குக் காலேஜ் படிப்பே எட்டாக்கனியாக இருந்த காலத்தில், ஆப்பிரிக்காவின் பல தலைவர்களை உருவாக்கிய இடம். நெல்சன் மண்டேலாவும் அங்கே படித்தவர்தான். 1940-களில் தொடங்கி சில வருட இடைவெளியில் அங்கே பி.ஏ. முடித்த இரண்டு பேரைப் பாருங்கள்.

முதல் சீனியர் 1944-ல் பி.ஏ. வாங்கினார். ஒரு பெரிய பழங்குடியின் அரச வாரிசு. அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டு போனார், லண்டனில் பாரிஸ்டர் படிப்பில் சேர்ந்தார். அங்கே ஒரு ஆங்கிலேயப் பெண்ணைக் காதலித்து 1948-ல் கல்யாணம் செய்துகொண்டார். நிறவெறியில் ஊறிய தென்னாப்பிரிக்கா கொதித்தது. பிரிட்டிஷ் அரசு அவரைச் சொந்த மண்ணுக்குள் விடாமல் பல வருடம் வெளியே வைத்திருந்தது.

இரண்டாமவர் 1951-ல் பி.ஏ. முடித்தார். ஏழைக் குடும்பம். ஸ்கூல் வாத்தியார் வேலை பார்த்தார். விடுதலைப் போராட்டத்தில் இறங்கி 1964 முதல் 1974 வரை சிறை. சிறையிலும் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகப் படிப்புகளைத் தபால் வழியாகவே படித்தார். மொத்தம் ஏழு பட்டங்கள். சட்டம் உண்டு, பொருளாதாரம் உண்டு, கல்வியியல் உண்டு, நிர்வாகம் உண்டு.

இருவரும் பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்குத் தலைவர்களானார்கள். இப்போ கேள்வி. எந்த நாடு வளர்ந்திருக்கும்? கேன்டீன் ஃபார்முலாப்படி ஏழு டிகிரிக்காரர் நாடுதானே ராக்கெட் வேகத்தில் போயிருக்கணும்?

முதலாமவர் போட்ஸ்வானாவின் செரெட்சே காமா. இரண்டாமவர் ஜிம்பாப்வேயின் ராபர்ட் முகாபே. இனி கதையைக் கேளுங்கள்.

14 பூஜ்யம் போட்ட நோட்டு

1980-ல் ஜிம்பாப்வே விடுதலை பெற்றபோது அதனிடம் நல்ல விவசாயம் இருந்தது, ரயில் இருந்தது, தொழிற்சாலைகள் இருந்தன. வாத்தியார் முகாபே ஆரம்பத்தில் வாத்தியார் மாதிரியேதான் வேலை செய்தார். சில வருடங்களிலேயே தொடக்கப் பள்ளி மாணவர் எண்ணிக்கை இரண்டு மடங்கைத் தாண்டியது. ஆப்பிரிக்காவிலேயே எழுத்தறிவு அதிகமுள்ள நாடுகளில் ஒன்றாக ஜிம்பாப்வே மாறியது. அந்தப் பெருமையை அவரிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

ஆனால் 80-களிலேயே மாட்டபெலேலாந்து பகுதியில் எதிர்ப்பை ராணுவத்தை வைத்து நசுக்கியதில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். பொருளாதாரச் சரிவு அப்புறம் வந்தது. 1997-ல் போராட்டத்தில் ஈடுபட்ட முன்னாள் வீரர்கள் நெருக்கினார்கள் என்று பட்ஜெட்டில் இல்லாத பெரும் தொகையைத் தூக்கிக் கொடுத்தார் முகாபே. அந்த நவம்பரில் ஒரே நாளில் ஜிம்பாப்வே டாலர் தன் மதிப்பில் பாதிக்கு மேல் இழந்தது. 1998-ல் காங்கோ போருக்குப் படை அனுப்பினார். அதற்கும் செலவு. 2000-ல் வெள்ளையர் பண்ணைகளைக் கைப்பற்றும் வேலை ஆரம்பமானது. நிலம் அநியாயமாகப் பங்கிடப்பட்டிருந்தது என்பது உண்மை. ஆனால் அதைச் செய்த விதத்தில் விளைச்சல் சரிந்தது, ஏற்றுமதி சரிந்தது, அந்த நிலத்தை நம்பிக் கடன் கொடுத்த பாங்குகளும் ஆட்டம் கண்டன.

இங்கேதான் ஒரு முக்கியமான காட்சி. 2000-ல் நிதியமைச்சராக வந்தவர் சிம்பா மகோனி. அவரும் டாக்டர் பட்டம் வாங்கியவர். கரன்சியின் மதிப்பை நிஜ நிலவரத்துக்கு இறக்கியே ஆகணும், வேற வழியில்லை என்பது அவர் வாதம். பொருளாதாரப் பட்டம் வைத்திருந்த முகாபே என்ன செய்தார்? அப்படிக் கேட்பவர்களை 2002-ல் நாசவேலைக்காரர்கள் என்றார். அதே வருடம் மகோனி அமைச்சரவையில் இல்லை.

அமைச்சர் மட்டும் இல்லை. 2001-ல் தலைமை நீதிபதி நெருக்கடி கொடுக்கப்பட்டுப் பதவியை விட்டு வெளியேறினார். அதே வருடம் 'டெய்லி நியூஸ்' என்ற பத்திரிகையின் அச்சகத்தில் குண்டு வெடித்தது. 2003-ல் பத்திரிகையே மூடப்பட்டது. "தப்பு பண்றீங்க சார்" என்று சொல்லக்கூடிய ஒவ்வொரு வாயும் ஒவ்வொன்றாக மூடப்பட்டது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். பணம் இல்லையா, அச்சடி. 2008 ஜூலையில் அரசே சொன்ன பணவீக்கம் ஆண்டுக்கு 23 கோடி சதவிகிதம்! 2009 ஜனவரியில் 100 லட்சம் கோடி டாலர் நோட்டு வந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் 14 பூஜ்யம். கடைசியில் சொந்தக் கரன்சியைக் கைவிட்டு அமெரிக்க டாலரைப் புழக்கத்துக்கு விட்டார்கள். அந்தப் பத்து வருடத்தில் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறையே பிழைப்புக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கு எல்லை தாண்டியது. 2017-ல் ராணுவம் தலையிட்டு முகாபேயைப் பதவி விலக வைத்தபோது அவருக்கு வயசு 93.

பட்டம் ஏழும் சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

22 பட்டதாரிகள் இருந்த நாடு

இப்போ எல்லை தாண்டி போட்ஸ்வானாவுக்கு வாங்க. 1966-ல் விடுதலை. பெரும்பகுதி பாலைவனம். தார் ரோடு நாடு முழுக்கச் சேர்த்து சுமார் 12 கிலோமீட்டர். நாட்டின் மொத்தப் பட்டதாரிகள் எத்தனை பேர் தெரியுமா? 22. உங்க க்ளாஸ் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைவிடச் சின்னது! உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களே 100 பேர்தான். உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்று.

அடுத்த வருடமே ஒராபாவில் வைரம் கிடைத்தது. "அதானே, லக்கு!" என்று முடிச்சுப் போட்டுடாதீங்க. வைரம் சியரா லியோனிலும் கிடைத்தது, காங்கோவிலும் கிடைத்தது. அங்கெல்லாம் அது துப்பாக்கி வாங்கத்தான் உதவியது. போட்ஸ்வானாவில் என்ன நடந்தது? வைரம் கிடைத்தது காமாவின் சொந்தப் பழங்குடியின் மண்ணில். ஆனால் அவருடைய அரசு, பூமிக்கடியில் கிடைப்பது எந்தப் பழங்குடிக்கும் சொந்தமில்லை, நாட்டுக்குச் சொந்தம் என்று 1967-லேயே சட்டம் போட்டது. சுரங்கக் கம்பெனியோடு மறுபடி மறுபடி உட்கார்ந்து பேசி, 70-களில் அரசின் பங்கை 15 சதவிகிதத்திலிருந்து 50 சதவிகிதமாக உயர்த்தியது. அந்தப் பணம் ரோடாக, பள்ளிக்கூடமாக, ஆஸ்பத்திரியாக மாறியது. மிச்சத்தைச் சேமித்தார்கள். 60-களின் நடுவில் ஆரம்பித்து முப்பது வருடம், உலகத்திலேயே வேகமாக வளர்ந்த பொருளாதாரங்களின் வரிசையில் போட்ஸ்வானா நின்றது.

"சரி, காமாவும் ஆக்ஸ்ஃபோர்டு போனவர்தானே, படிச்சவர் ஜெயிச்சார்"னு சொல்றீங்களா? கொஞ்சம் பொறுங்க. காமா 1980-ல் இறந்தார். அடுத்து வந்தவர் குவெட் மசிரே. அதுவரை துணை அதிபராகவும் நிதியமைச்சராகவும் இருந்தவர். காலேஜ் டிகிரி கிடையாது. பள்ளி ஆசிரியராக இருந்தவர், விவசாயி. அவர் 18 வருடம் ஆண்டார். வளர்ச்சி நிற்கவே இல்லை. அவருக்கு அதிபரின் செயலாளராக, பிறகு நிதியமைச்சராக வேலை செய்தவர் ஃபெஸ்டஸ் மொகாயே. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் எகனாமிக்ஸ் படித்தவர்! டிகிரி இல்லாதவர் ஆக்ஸ்ஃபோர்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலை வாங்கினார். அவரையே துணை அதிபராக்கினார். 1998-ல் தானாகவே நாற்காலியை விட்டு இறங்கினார். மொகாயே அதிபரானார்.

அந்த ஊரில் 'கோட்லா' என்று ஒரு பழக்கம் உண்டு. நம்ம ஊர் மரத்தடி மாதிரி. ஊர்த் தலைவர் உட்காருவார், யார் வேணும்னாலும் எழுந்து பேசலாம், தலைவரையே விமர்சிக்கலாம், அவர் கேட்டுத்தான் ஆகணும். அதிபர்களும் அமைச்சர்களும் கிராமம் கிராமமாகப் போய் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தார்கள். எந்த யுனிவர்சிட்டியும் நடத்தாத கோர்ஸ் அது.

போட்ஸ்வானா சொர்க்கம் ஒன்றுமில்லை. ஏற்றத்தாழ்வு அதிகம். எய்ட்ஸ் அந்த நாட்டை உலுக்கி எடுத்தது. வைரத்தை மட்டும் அதிகமாக நம்பியதற்கு 2024-ல் வைர மார்க்கெட் படுத்தபோது பொருளாதாரமும் சேர்ந்து சுருங்கியது. அந்த வருடத் தேர்தலில் 58 வருடமாக ஆண்ட கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கவனிங்க, ஓட்டுப் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

அப்போ டிகிரி வேஸ்ட்டா?

"ரெண்டு நாட்டை வெச்சு உலகத்தையே முடிவு பண்ணலாமா?"னு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மாணவர்கள் கையைத் தூக்குவீங்க. கரெக்ட். ஆராய்ச்சி என்ன சொல்லுது?

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஏற்கெனவே நல்லா இருக்கிற நாடு படித்தவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கலாம். அப்போ வளர்ச்சிக்குக் காரணம் தலைவரா, நாடா? பிரிப்பது கஷ்டம். 2005-ல் பெஞ்சமின் ஜோன்ஸ், பெஞ்சமின் ஆல்கன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதவியில் இருக்கும்போதே நோயிலோ விபத்திலோ இறந்துபோன தலைவர்களை மட்டும் எடுத்தார்கள். மாரடைப்பு ஜி.டி.பி. பார்த்து வராதே! அந்த மரணத்துக்கு முன்னும் பின்னும் வளர்ச்சி மாறினால், தலைவருக்கு அதில் பங்கு இருக்கு என்று அர்த்தம். 57 தலைவர்களைப் பார்த்தார்கள். முடிவு: தலைவர்கள் முக்கியம்தான். ஆனால் அந்தத் தாக்கம் தெளிவாகத் தெரிந்தது சர்வாதிகார நாடுகளில். தட்டிக்கேட்கும் அமைப்புகள் உள்ள ஜனநாயக நாடுகளில் அப்படித் தெரியவில்லை.

அதே உத்தியை 2011-ல் டிமோத்தி பெஸ்லியும் அவரோடு இருவரும் படிப்பு விஷயத்துக்குப் பயன்படுத்தினார்கள். 1875 முதல் 2004 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைவர்கள். அதிகம் படித்த தலைவர் இருக்கும்போது வளர்ச்சியும் அதிகம் என்று வந்தது விடை. கேன்டீன் பார்ட்டி விசில் அடிக்கலாம்!

ஆனால் 2016-ல் நிக்கலஸ் கார்ன்ஸ், நோம் லூபு என்ற இருவர் அதையே மறுபடி கிளறினார்கள். பல நாட்டுத் தலைவர்கள், அமெரிக்காவில் நூலிழையில் ஜெயித்த எம்.பி.க்கள், பிரேசிலில் தணிக்கை செய்யப்பட்ட மேயர்கள் என்று மூன்று பக்கமும் பார்த்தார்கள். காலேஜ் டிகிரி இருப்பவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாக ஆண்டதாகத் தெரியவில்லை என்றார்கள். அதாவது, அறிஞர்களுக்குள்ளேயே இது முடியாத வழக்கு.

நான் பார்த்தவரை, இந்த வழக்கின் சாவி முதல் ஆராய்ச்சியில்தான் இருக்கு. தட்டிக்கேட்க ஆள் இல்லாத இடத்தில் ஒரு தனி மனிதரின் மூளையை நம்பி நாடே நிற்கிறது. அந்த மூளை நல்லதாக இருந்தால் லாபம், கெட்டால் சர்வநாசம். தட்டிக்கேட்க ஆள் இருக்கும் இடத்தில் ஒருத்தர் தப்பு செய்தால் இன்னொருத்தர் பிடித்து நிறுத்துவார். ஆகவே, தலைவரின் படிப்பு பலன் தருவது அவருடைய காது வழியாகத்தான். "இது தப்பு" என்று ஒரு நிபுணர் சொன்னால் அதைப் புரிந்துகொள்ளவும், பொறுத்துக்கொள்ளவும், அதற்காக முடிவை மாற்றிக்கொள்ளவும் முடிந்தால் அந்தப் படிப்பு வேலை செய்கிறது. இல்லாவிட்டால் அது விசிட்டிங் கார்டு அலங்காரம்.

டெங் கேட்ட ஒரே கேள்வி

டெங் சியாவோபிங். 16 வயசில், 1920-ல், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று கப்பலேறி பிரான்ஸ் போனார். கையில் காசு தீர்ந்தது. படிப்பு சில மாதத்திலேயே நின்றது. இரும்பு ஆலை, ரப்பர் ஷூ கம்பெனி, ரெனோ கார் தொழிற்சாலை என்று கூலி வேலைதான். பிறகு மாஸ்கோவில் கொஞ்ச காலம் கட்சிப் படிப்பு. மாட்டி வைக்க ஒரு டிகிரி கிடையாது.

1966-ல் சீனாவில் கலாசாரப் புரட்சி என்ற பெயரில் காலேஜ் நுழைவுத் தேர்வையே நிறுத்திவிட்டார்கள். பேராசிரியர்கள் அவமானப்படுத்தப்பட்டார்கள். டெங்கும் தூக்கி எறியப்பட்டு ஒரு டிராக்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1977-ல் திரும்பி வந்ததும் விஞ்ஞானிகளையும் ஆசிரியர்களையும் கூட்டி உட்கார வைத்துப் பேசச் சொன்னார். ஆகஸ்ட் மாதம். வூகான் பல்கலைக்கழகத்தின் ட்சா ச்சுவான்சிங் என்ற வேதியியல் ஆசிரியர் எழுந்து, சிபாரிசில் ஆள் சேர்க்கும் முறை நாட்டைக் கெடுக்கிறது, நுழைவுத் தேர்வைத் திரும்பக் கொண்டுவரணும், அதுவும் இந்த வருடமே என்றார். பத்து வருடமாக இப்படிப் பேசியவர்கள் எங்கே போனார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

டெங் கேட்டது, இந்த வருடமே செய்ய நேரம் இருக்கா என்பதைத்தான். இருக்கு என்றார்கள். அப்படியே முடிவானது.

அந்தக் குளிர்காலத்தில் 57 லட்சம் பேர் தேர்வு எழுதினார்கள். வயல்களிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்தவர்கள். பலர் கல்யாணமானவர்கள். கேள்வித்தாள் அச்சடிக்கக் காகிதம் பத்தாமல், மாவோவின் நூல் தொகுதிக்கு ஒதுக்கிய காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்கள். இடம் கிடைத்தது சுமார் 2.7 லட்சம் பேருக்கு. அந்த முதல் பேட்ச்சில் கிராமத்து வயலிலிருந்து பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குப் போன ஒருவர், லீ கச்சியாங், 2013-ல் சீனாவின் பிரதமரானார்.

1978-ல் சீர்திருத்தம் ஆரம்பமாகி முப்பது வருடத்துக்கும் மேல் சீனா ஆண்டுக்கு சராசரி 9 சதவிகிதத்துக்கும் மேல் வளர்ந்தது. உலக வங்கிக் கணக்குப்படி நாற்பது வருடத்தில் சுமார் 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து மீண்டார்கள். எல்லாம் டெங் ஒருத்தரால் என்று சொல்ல வரவில்லை. ஆனால் டிகிரி இல்லாத ஒரு தலைவர் படித்தவர்களைப் பேசவிட்டதில்தான் கதவு திறந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். 1989 ஜூனில் பெய்ஜிங்கில் கூடிய மாணவர்கள் மேல் ராணுவத்தை ஏவும் முடிவின் பின்னால் இருந்தவரும் இதே டெங்தான். பொருளாதாரத்தில் திறந்த காதை அரசியலில் மூடிக்கொண்டார். காலேஜ் கதவைத் திறந்தவரே காலேஜ் பசங்களை எதிரியாகப் பார்த்தார். ஜி.டி.பி. அந்தக் கணக்கைச் சொல்லாது.

நம்ம வீட்டுக் கதைகள்

இவ்வளவு நேரம் ஒரு பேரை மனசுக்குள் சொல்லிக்கிட்டே இருந்திருப்பீங்க. காமராஜர்! அவர் ஆண்டது ஒரு மாநிலத்தை. ஆனாலும் இந்தப் பேச்சில் அவரை விட முடியாது. சின்ன வயசிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. 1954-ல் முதல்வரானதும், தலைமைப் பதவிக்குத் தன்னை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையே கூப்பிட்டு நிதியையும் கல்வியையும் கையில் கொடுத்தார். அவர் பி.எஸ்ஸி., பி.எல். முடித்த வக்கீல். "எதிர்த்தவன்" என்று ஒதுக்கியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? பள்ளிகள் பெருகியதும், மதிய உணவு வந்ததும் அப்படி ஒரு கூட்டணியில்தான்.

எதிர்ப்பக்கத்து உதாரணம் மன்மோகன் சிங். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு டாக்டரேட். இந்தியாவை ஆண்டவர்களில் பொருளாதாரம் இவ்வளவு படித்தவர் வேறு யாருமில்லை. ஆனால் யோசிச்சுப் பாருங்க. டாக்டரேட் வாங்கியது 60-களின் ஆரம்பத்தில். 70-களிலிருந்தே டெல்லியில் பெரிய பதவிகள். 1982-ல் ரிசர்வ் வங்கி கவர்னர். அதே மூளை, அதே டிகிரி. ஆனால் லைசென்ஸ் ராஜ் அசையவில்லை. 1991-ல் இறக்குமதிக்குச் சில வாரத்துக்குத்தான் அந்நியச் செலாவணி இருந்தது. தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோம். அப்போது பிரதமரான நரசிம்ம ராவ் அவரை நிதியமைச்சராக்கி, அரசியல் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, அவரை வேலை செய்யவிட்டார். படித்தவர் ஒருத்தர், அவரைக் கேட்டவர் ஒருத்தர். ரெண்டும் சேர்ந்தபோதுதான் கதை மாறியது.

அதே மன்மோகன் 2004 முதல் 2014 வரை பிரதமர். ஆரம்ப வருடங்களில் 9 சதவிகிதத்தைத் தொட்ட வளர்ச்சி. இரண்டாவது ஐந்து வருடத்தில் ஸ்பெக்ட்ரம், நிலக்கரி சர்ச்சைகள், விலைவாசி. டிகிரி குறையவில்லை. சுற்றியிருந்த அரசியல் மாறியிருந்தது.

உங்க கையில இருக்கிற மேட்டர்

"இதெல்லாம் ஓகே, எனக்கென்ன?"ங்கறீங்களா? இருக்கு.

"டிகிரி இல்லாதவங்க தேர்தல்ல நிற்கக் கூடாதுன்னு சட்டம் போடணும்" என்று உங்களில் பலர் சொல்வீங்க. போட்டுப் பார்த்திருக்காங்க. பாகிஸ்தானில் 2002-ல் முஷாரஃப், பட்டதாரிகள் மட்டும்தான் எம்.பி., எம்.எல்.ஏ. ஆகலாம் என்றார். என்ன ஆச்சு? நாடு சிங்கப்பூர் ஆகவில்லை. 2008-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. 2010-ல் சரிபார்த்தபோது போலி டிகிரி எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் டஜன் கணக்கில் மாட்டினார்கள். பலூசிஸ்தான் முதல்வராக இருந்த அஸ்லம் ரைசானி, டிகிரி டிகிரிதான், ஒரிஜினலா இருந்தா என்ன போலியா இருந்தா என்ன என்ற ரீதியில் பேசி ஊர் சிரிக்க வைத்தார்.

நம்ம நாட்டிலேயே 2015-ல் ஹரியானா பஞ்சாயத்துத் தேர்தலுக்குப் படிப்புத் தகுதி கொண்டுவந்தது. பொதுப் பிரிவு ஆண்களுக்குப் பத்தாவது, பெண்களுக்கு எட்டாவது என்று. சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. ராஜஸ்தானும் இதே போல் ஒரு விதி போட்டு, 2019-ல் அதை நீக்கியது. இந்த விதியால் வெளியே நின்றது யார்? பணக்காரர் வீட்டு வாரிசு இல்லை. பள்ளிக்கூடமே இல்லாத ஊரில் பிறந்தவர்கள், பதினைந்து வயசில் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்கள், தம்பியைப் படிக்க வைக்கத் தான் நின்றுவிட்ட அக்காக்கள்.

உங்க க்ளாஸில் முதல் தலைமுறையாகக் காலேஜ் படியேறியவர்கள் எத்தனை பேர்? அவங்க அம்மா ஒரு சம்பளத்தில் மூணு பேர் ஃபீஸ், வீட்டு வாடகை, மகளிர் குழுக் கடன் எல்லாத்தையும் சமாளித்திருப்பார். எந்த மாசம் எதைத் தள்ளிப் போடணும், யார்கிட்ட யோசனை கேட்கணும் என்று அவருக்குத் தெரியும். அது படிப்பு இல்லையா? "படிக்காதவங்க ஆளக் கூடாது" என்று நாம் டேபிளைத் தட்டும்போது, முதலில் கதவைச் சாத்துவது அந்த அம்மா மேலதான்.

அதுக்காக, படிப்பே தேவையில்லை, யார் வேணும்னாலும் வரட்டும் என்று விடவும் முடியாது. கரன்சி, கடன், கார்பன் வரி, ஏ.ஐ. என்று இன்றைக்கு ஆட்சி செய்பவர் முன்னால் வரும் ஃபைல்கள் சுலபமானவை இல்லை. புரிந்துகொள்ளும் சக்தி வேணும். அதை டிகிரி என்கிற ஒரே வரியில் தேடாதீங்க என்பதுதான் விஷயம்.

2003 முதல் ஒவ்வொரு வேட்பாளரும் தன் படிப்பு, சொத்து, குற்ற வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லணும். தேர்தல் ஆணையத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சினிமா ட்ரெய்லருக்கு ஆகிற டேட்டாகூட ஆகாது. அடுத்த தேர்தலில் படிப்பு வரியைப் படிச்சுட்டு, கூடவே இந்த நாலு கேள்வியையும் கேளுங்க.

ஒண்ணு: இவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்காங்க? விஷயம் தெரிஞ்சவங்களா, ஆமாம் சாமிகளா? ரெண்டு: இவர் தப்புன்னு சொன்ன கட்சிக்காரரோ அதிகாரியோ இன்னும் அதே இடத்தில் இருக்காரா, தூக்கி அடிக்கப்பட்டாரா? மூணு: நிருபர்கள் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொள்றாரா? நாலு: எப்போதாவது, எதிலாவது, ஆதாரத்தைப் பார்த்துத் தன் முடிவை மாற்றியிருக்காரா?

நாலுக்கும் பதில் நல்லா வந்தா, அவர் எம்.ஏ.வா எட்டாவதா என்று ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். நாலுக்கும் பதில் மோசமா வந்தா, ஏழு டிகிரி இருந்தாலும் ஜாக்கிரதை.

இதே கேள்விகளை முதலில் ஒரு சின்ன இடத்தில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். உங்க டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செகரட்டரியாக யாரைத் தேர்ந்தெடுத்தீங்க? யுனிவர்சிட்டி ரேங்க் வாங்குபவரையா, சிம்போசியம் கணக்கில் இடிக்குதேன்னு ஜூனியர் ஒருத்தன் சொன்னா நின்னு கேட்பவரையா? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்களா இருந்தா, அந்த ஜூனியரை என்ன பண்ணீங்க?

பதில் எனக்கு வேண்டாம். அந்த ஜூனியர்கிட்ட சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!